துலுக்கிய கிடாவும் எண்ணூறு மீட்டரும்

மதிப்புக்குரிய மேடம்,

எனக்கு வயது 19. ஊர் மேலூர்ப் பக்கம். மதுரையில் படிக்கிறேன், மாலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி. ஓடுவது 800 மீட்டர். விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட வேண்டும் என்று வீடே காத்திருக்கிறது.

சென்ற ஆண்டு குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாவை நான்தான் வளர்த்தேன். வெட்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்தார்கள். துலுக்கியது. சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று குலவையிட்டார்கள். மேலே தண்ணீர் பட்டால் அது எப்போதுமே அப்படித்தான் துலுக்கும் என்பது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து கறி இறங்கவில்லை. பிறகு பால், தயிர், முட்டையையும் விட்டு வீகன் ஆகிவிட்டேன்.

"ஈரல் தின்னாமல் ரத்தம் எப்படி ஊறும்?" என்கிறார் அப்பத்தா. பயிற்சி முடிந்ததும் மாஸ்டர் கொடுக்கும் இரண்டு அவித்த முட்டைகளை அவருக்குத் தெரியாமல் வாசலில் கிடக்கும் நாய்க்குப் போட்டுவிடுகிறேன். 2 நிமிடம் 14 நொடியில் முடித்தவள் இப்போது 2 நிமிடம் 20 நொடியில் நிற்கிறேன். கடைசி 200 மீட்டரில் கால் கல்லாகிறது. மூன்று மாதமாக மாதவிடாயும் வரவில்லை. பயிற்சி கடுமையானால் அப்படித்தான் என்றார் ஒரு சீனியர் அக்கா. எடை குறைந்திருப்பது நல்லதுதானே? கொள்கையை விடுவதா, ஓட்டத்தை விடுவதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புத் தங்கைக்கு,

எதை விடுவது என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில் எழுதிய மாதவிடாய் வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அந்த அக்கா சொன்னது தவறு. ஓடும் ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு நிறுத்திவைக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று. நீடித்தால் எலும்பு வலுவிழந்து விரிசல்கூட விடலாம். இந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள். வேறு காரணம் இருந்தாலும் தெரிந்துவிடும். ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12 அளவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கால் கல்லாவதற்கு வீகன் உணவுதான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். தட்டிலிருந்து எதையெல்லாம் எடுத்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பதிலுக்கு என்ன வைத்தீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. கார்ல் லூயிஸ் 1991-ல் டோக்கியோவில் 100 மீட்டரை 9.86 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது வீகன்தான். முட்டையை நாய்க்குப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு அவர் பஸ் ஏறியிருக்க மாட்டார்.

இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம் புரதம். 50 கிராம் நிலக்கடலையிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். உங்களைப் போல் ஓடுகிறவருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை ஒரு நாளைக்கு வேண்டும். பயறு, கொண்டைக்கடலை, மீல்மேக்கர் எல்லாம் மேலூர்ச் சந்தையிலேயே கிடைக்கும். கீரையில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். பி12 மட்டும் செடிகொடிகளில் நம்பும்படி கிடைக்காது, அதற்கு மாத்திரைதான் வழி. இரும்புச் சத்து மாத்திரையைப் பரிசோதனை பார்க்காமல் விழுங்காதீர்கள்.

ஒன்று கேட்கிறேன், பதிலை எனக்கு எழுத வேண்டியதில்லை. கறியை விட்டது கிடாவுக்காக. பால், முட்டையை விட்டதும் அதற்காகவேதானா? எடை குறையும் என்ற எண்ணமும் கூடவே வந்ததா? கொள்கை என்ற பெயரில் பசியை மறைத்துக்கொண்டு ஓடிய பெண்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். உங்களுக்கும் அப்படியென்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

மாஸ்டரிடம் "முட்டை வேண்டாம்" என்று மட்டும் போய் நின்றால் கோபப்படத்தான் செய்வார். பரிசோதனைத் தாளும் அவித்த கடலை டப்பாவுமாகப் போங்கள். மருத்துவர் சொல்லும்வரை பயிற்சியைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு போட்டி போனால் போகட்டும். அப்பத்தாவோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ரத்தம் ஊற வேறு என்ன செய்து தருவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், முருங்கைக்கீரையில் ஆரம்பித்துப் பத்து வகை சொல்லுவார். கிடா துலுக்கிய கதையையும் அன்றைக்கே சொல்லிவிடலாம். அதை அவரிடம் நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

மைதான வாசல் நாய்தான் கொஞ்ச நாள் உங்கள் பின்னாலேயே வரும்.