சீதன வயலை விற்றுக் காணிக்கை கொடுக்கவேண்டுமா?

தங்கச்சி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள உங்கள் சீதன வயலை விற்றுச் சபைக்குக் கொடுக்கக் கணவர் ஒற்றைக்காலில் நிற்கிறார், மறுத்தால் விசுவாசக் குறைவா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. நிலத்தை விற்று, பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவிட்டு முழுவதையும் கொடுத்ததாகக் காட்டி, விழுந்து செத்த அனனியாவின் கதையை அவர் காட்டினால், அப்போஸ்தலர் 5:4ஐ ஆறுதலாக வாசிக்கச் சொல்லுங்கள். விற்குமுன் நிலம் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது என்றுதான் பேதுரு கேட்கிறார். பிழை வைத்துக்கொண்டதில் இல்லை, பொய்யில். மனந்திரும்பிய பணக்கார வரி வசூலிப்பவன் சகேயு ஏழைகளுக்குக் கொடுத்ததும் பாதிதான். ஒரு பணக்காரனிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்ன இடத்திலும் இயேசு தரித்திரருக்கே கொடுக்கச் சொன்னார்.

நம் பக்கம் வயல் மகளுக்குப் போகிற சொத்து. காணி உறுதிப் பத்திரம் உங்கள் பெயரில் என்றால் முடிவும் உங்களுடையது. நான் என்றால், இந்தப் பெரும்போகத்தில் பத்து மூடை நெல்லை அறுவடையன்றே பக்கத்து விதவை வீட்டுக்கு அனுப்புவேன். அதற்கு உங்கள் கணவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.