பட்ஜெட் ஆராய்ச்சி சோறு போடுமா?

கேள்வி: எம்.ஏ. பொருளாதாரம் கடைசி வருஷம் படிக்கிறேன். பொது நிதியில், அதாவது அரசின் வரவு செலவு பற்றி, பி.எச்டி. பண்ண ஆசை. அப்பா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். "பேங்க் எக்ஸாம் எழுதும்மா, பட்ஜெட்டைப் படிச்சு என்ன கிழிக்கப்போற?" என்கிறார் மாமா. என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மாமா கேட்பது வருமானக் கேள்வி. அதற்கு முதலில் பதில் வைத்துக்கொள்ளுங்கள். யுஜிசி நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. அது கைக்கு வராமல் நீங்கள் பி.எச்டி.யில் சேர வேண்டாம் என்பேன். பட்டம் வாங்கியதும் அரசுக் கல்லூரி வேலை வந்துவிடாது. நிரந்தரப் பணி அறிவிப்புக்குக் காத்திருந்து கௌரவ விரிவுரையாளராகவே காலம் தள்ளுகிறவர்கள் ஏராளம். பேங்க் தேர்வையும் எழுதிவையுங்கள், மாமாவின் வாயை அடைக்கவாவது.

சம்பளப் பேச்சு போதும். ஆய்வுத் தலைப்புக்கு வருவோம், ஏனென்றால் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஜி.எஸ்.டி.யின் தாக்கம் என்று ஊரே எழுதித் தள்ளிவிட்டது. உங்கள் வாசலிலேயே விஷயம் கிடக்கிறது. தமிழக அரசின் 2023-24 பட்ஜெட் உரையில் வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்றார்கள். பின்னால் அந்தத் தொகை பல மடங்கு ஏறியது. உரையில் அது ஒரு பத்தி. பட்ஜெட் புத்தகங்களில் தேடினால் ஒரே இடத்தில் அகப்படாது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம் என்று சிதறிக் கிடக்கும். வாரியம் தன் கையிலிருந்து போடும் பணம் மாநிலக் கணக்கில் தென்படவே தென்படாது.

இதைப் பிடிக்கக் கணக்குத் தலைப்புகளை, அதாவது ஒவ்வொரு வகைச் செலவுக்கும் பட்ஜெட்டில் தரும் எண்களை, படிக்கத் தெரிய வேண்டும். 2217 என்றால் நகர்ப்புற வளர்ச்சிக்கான வருவாய்ச் செலவு (சம்பளம், பராமரிப்பு போன்ற அன்றாடச் செலவு); 4217 என்றால் அதற்கான மூலதனச் செலவு (கட்டடம் போல நிலைத்து நிற்பவற்றுக்கான செலவு). எம்.ஏ. வகுப்பில் இதையெல்லாம் யாரும் சொல்லித்தருவதில்லை, கொடுமை. ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று எண்கள் உண்டு: பட்ஜெட் மதிப்பீடு, மறு ஆண்டு வரும் திருத்திய மதிப்பீடு, அதற்கும் அடுத்த ஆண்டு வரும் உண்மைச் செலவு. 2023-24இல் நிஜமாகச் செலவானது 2025-26 புத்தகத்தில்தான் இருக்கிறது. டி.வி. விவாதம் முதல் எண்ணோடு கலைந்துவிடும். மூன்றாவதைத் தேடி அநேகமாக யாரும் வருவதில்லை. முதல் எண்ணுக்கும் மூன்றாவதுக்கும் இடையே ஏன் இத்தனை இடைவெளி? டெண்டர் இழுத்ததா, நிலம் கிடைக்கவில்லையா, நிதித்துறை பணத்தை விடவில்லையா? இந்தக் கேள்விக்கு ஐந்து வருஷம் செலவழிக்கலாம். புத்தகங்கள் நிதித்துறை இணையதளத்தில் இலவசம். இன்று ராத்திரியே தொடங்கலாம்.

இடம்? 1971இல் பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷய்யா தொடங்கிய எம்.ஐ.டி.எஸ். (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெவலப்மென்ட் ஸ்டடீஸ்) அடையாறில் இருக்கிறது. 1991 வரிச் சீர்திருத்தக் குழுவின் தலைவர் ராஜா செல்லையா நிறுவிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் கோட்டூரில். இரண்டும் ஊரின் அந்தக் கோடி. பஸ்ஸில் படித்துக்கொண்டே போகலாம், உட்கார இடம் கிடைத்தால்.

எங்கே சேர்ந்தாலும், வழிகாட்டியாக வரப்போகிறவரைப் பார்ப்பதற்கு முன் அவரிடம் இருக்கும் மாணவர்களைத் தனியாகப் பிடியுங்கள். ஆய்வேட்டை அவர் எத்தனை மாதம் மேசையில் வைத்திருப்பார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.