நோட்டீஸில் போட்டிருக்கும் விலை உங்களுக்கானதா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் டூர் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள், அதிலும் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாகக் குழுவில் சேர நினைக்கிறவர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

எனக்கு வயது 61, ரிட்டயர்டு டீச்சர். கணவர் இல்லை, பையன்கள் வெளிநாட்டில். காசி, கயா, பிரயாக்ராஜ், அயோத்தி என்று 10 நாள் யாத்திரைக்கு நோட்டீஸ் வந்தது, தலைக்கு 28,000 ரூபாய். போன் பண்ணிக் கேட்டால் ‘தனியா வந்தா 12,000 கூட ஆகும்மா’ என்கிறார்கள். தனியாக இருப்பதற்கு அபராதமா இது? பையன்களும் வேண்டாம் என்கிறார்கள்.
– வாசகி, தேவகோட்டை

அபராதம் இல்லை அம்மா. ஆனால் அந்த 12,000-ஐ அப்படியே ஒத்துக்கொள்ளவும் வேண்டாம்.

டூர்க்காரர்கள் ‘தலைக்கு இவ்வளவு’ என்று போடுவது ஒரு ரூமில் இரண்டு பேர் தங்குவதாக வைத்துப் போட்ட கணக்கு. ரயில் டிக்கெட், பஸ் சீட், சாப்பாடு எல்லாம் ஆளுக்கு ஒன்றுதான், அதில் தனி, ஜோடி என்று வித்தியாசம் வராது. ரூம் வாடகை மட்டும்தான் பாதியாகப் பிரிகிறது. ஆகவே தனியாக வருகிறவர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது ரூமின் அந்த இன்னொரு பாதி மட்டுமே. இப்போது நோட்டீஸைக் கையில் எடுத்து, எத்தனை ராத்திரி ரூமில் தங்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 10 நாள் என்றால் 9 ராத்திரி. ரயிலில் போக இரண்டு ராத்திரி, திரும்பி வர இரண்டு ராத்திரி போனால் மிச்சம் 5. ரூம் நாளுக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதி 1,200, ஐந்து ராத்திரிக்கு 6,000. அவர்கள் கேட்பதோ 12,000, அதாவது ராத்திரிக்கு 4,800 ரூபாய் வாடகையுள்ள ரூம் போட்டால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும். ‘எந்த ஹோட்டல்ல போடுறீங்க, பேர் சொல்லுங்க’ என்று கேளுங்கள். பெயர் கிடைத்துவிட்டால் வாடகையைப் பையனிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லலாம். பெயர் சொல்ல மாட்டேன் என்கிற ஆளிடம் பணம் கட்டவே வேண்டாம். ரயில்வேயின் ஐஆர்சிடிசி போடுகிற டூர்கள் பலவற்றில் ரூமில் ஒருவர், இருவர், மூவர் என்று தனித்தனி விலை போட்டிருக்கும். வேறு யாரிடம் போவதாக இருந்தாலும் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், எது நியாயமான வித்தியாசம் என்று பிடிபடும்.

அந்த 6,000-மும் வேண்டாம் என்றால், குழுவில் தனியாக வருகிற இன்னொரு அம்மாவோடு ரூமைப் பகிர்ந்துகொள்ளலாம். நிறைய டூர்க்காரர்கள் இதைச் செய்து தருகிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும்: கடைசி வரைக்கும் அப்படி ஒருத்தர் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பாதி வாடகை யார் தலையில்? ‘அதெல்லாம் பாத்துக்கலாம்மா’ என்று வாயால் சொன்னால் போதாது, வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஆள் கிடைத்துவிட்டால் புறப்படுவதற்கு முன்னால் அவரோடு ஒரு தடவை போனில் பேசிவிடுங்கள், ஏசி வேண்டுமா வேண்டாமா, விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து குளிக்கிறவரா, குறட்டை உண்டா என்று. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்து ராத்திரி தூங்காமல் கயாவில் வெயிலில் நிற்பதற்கு இந்தக் கூச்சம் எவ்வளவோ மேல்.

ரூம் என்று சொல்கிறார்களே, அது ரூம்தானா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். யாத்திரைக் குழுக்களில் சில இடங்களில் மண்டபத்தில் வரிசையாகப் பாய் போட்டுவிடுவதும், ஐந்தாறு பேருக்கு ஒரு ஹால் கொடுப்பதும் உண்டு. அது தப்பில்லை, விலையும் குறையும், ஆனால் ரூமுக்கான கூடுதல் பணத்தை வாங்கிக்கொண்டு ஹாலில் படுக்க வைக்கக்கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட், லிஃப்ட் இரண்டையும் கேளுங்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு மூன்றாவது மாடி ரூம் கொடுத்துவிட்டால் யாத்திரையே கசந்துவிடும்.

அப்புறம் 28,000-க்கு வெளியே இருக்கிற செலவு. காசியில் டூர் பஸ் கோயில் பக்கத்து கோதோலியா நாற்சந்தி வரைக்கும் வராது, தள்ளி எங்கேயோ நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து பேட்டரி ரிக்‌ஷா, பிறகு சந்துக்குள் நடை. இந்த ரிக்‌ஷா காசு பேக்கேஜில் சேர்ந்ததா? கங்கையில் படகு சேர்ந்ததா? கயாவில் பிண்டம் போடுகிற செலவு, புரோகிதர் தட்சிணை இதெல்லாம் அநேகமாகத் தனிதான், அங்கே போய் நின்றுகொண்டு பேரம் பேசுவதைவிட இங்கேயே தொகையைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சமையல் ஆளைக் கூடவே கூட்டிக்கொண்டு போகிற குழுவா, ஹோட்டல் சாப்பாடா என்பதையும் கேளுங்கள். ரயிலில் இருக்கிற நாட்களில் சாப்பாடு யார் பொறுப்பு என்பதுதான் பல பேருக்கு வண்டி ஏறின பிறகு தெரிய வருகிறது. கொஞ்சம் சீடையும் தேன்குழலும் டப்பாவில் போட்டுக்கொண்டு போங்கள், அது எப்படியும் வேண்டியிருக்கும்.

செலவைத் தேவகோட்டை வீட்டு வாசலிலிருந்து வாசல் வரைக்கும் போடுங்கள். டூர் எழும்பூரிலிருந்து புறப்படுகிறது என்றால் காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறிச் சென்னை போய் இறங்கி, அன்று ராத்திரியோ மறுநாளோ வண்டி என்றால் அதுவரை எங்கே இருப்பது? அந்த லாட்ஜ் வாடகையும் தனி ஆளுக்கு முழுசாகத்தான் விழும். திரும்பி வரும்போது தேவகோட்டை ரஸ்தாவில் அகால நேரத்தில் இறங்கினால் ஆட்டோவில் பங்கு போட ஆள் கிடையாது. உங்கள் கணக்கில் 28,000, ரூமுக்கு 6,000, சென்னை போய்வர, படகு, தட்சிணை, கைச்செலவு எல்லாம் சேர்த்தால் 42,000 பக்கம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஒரு 5,000 தொடாத பணமாகத் தனியாக இருக்கட்டும்.

பையன்கள் விஷயம். அவர்களுக்குப் பயம், அது பாசத்தில் வருகிற பயம்தான். டூர் மேனேஜர் நம்பர், ஹோட்டல் பெயர்கள், ரயில் நம்பர், நீங்கள் சாப்பிடுகிற மாத்திரைப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள், பாதிப் பயம் அங்கேயே தீர்ந்துவிடும். நம் பக்கத்தில் குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடியோடு நடந்து போகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். வழியில் ஒருவருக்குக் காலில் கொப்புளம் என்றால் முன்பின் தெரியாதவர்கூட மருந்து போட்டுவிடுவார். நல்ல குழுவில் அப்படித்தான் நடக்கும். நீங்கள் போய் வாருங்கள் அம்மா, இத்தனை வருஷம் பிள்ளைகளுக்காகவே ஓடியாகிவிட்டது.

வயது 34, கல்யாணம் ஆகவில்லை. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், மலேசியா குரூப் டூர் போக ஆசை. நண்பர்கள் யாருக்கும் லீவு ஒத்துவரவில்லை. எதெதற்குப் பணம் எடுத்து வைப்பது?
– வாசகர், பள்ளத்தூர்

தம்பி, ரூம் கணக்கு மேலே சொன்னதுதான், ஆனால் வெளிநாட்டு ஹோட்டல் என்பதால் அந்த இன்னொரு பாதி நன்றாகவே உறைக்கும். தனியாக வருகிற இன்னொரு ஆணோடு ரூமைப் பகிரச் சம்மதம் என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

நோட்டீஸ் விலையின் கீழே பொடி எழுத்தில் ஜிஎஸ்டி, டிசிஎஸ் தனி என்று இருக்கும். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்கும்போது டிசிஎஸ் என்று ஒரு தொகையைப் பிடித்து உங்கள் பான் நம்பரில் அரசாங்கத்துக்குக் கட்டுவார்கள். அது போன பணம் இல்லை. உங்கள் பெயரிலுள்ள வரிக் கணக்கில் ஏறும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லை என்றால் திரும்பி வரும். ஆனால் அது வருகிற வரைக்கும் உங்கள் கையில் அந்தப் பணம் இருக்காது, ஆகவே பட்ஜெட்டில் அதற்கும் இடம் விடுங்கள். ஜிஎஸ்டி அப்படி இல்லை, கட்டினது கட்டினதுதான்.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும், அதற்கென்று அனுமதி பெற்ற ஏஜென்ட் மூலமாகப் போட வேண்டும், அந்தக் கட்டணம் பேக்கேஜில் உண்டா என்று கேளுங்கள். இரண்டு நாட்டுக்கும் போய் இறங்குவதற்கு முன்னால் மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகைப் படிவம் போட வேண்டும், அது இலவசம். அதற்கு யாராவது ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்து வைத்திருக்கும், பேங்க் ஆப்பில் நீங்கள்தான் திறந்துவிட வேண்டும்.

பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். முன்பணம், விசா வந்ததும் ஒரு பகுதி, புறப்படுவதற்கு முன் பாக்கி என்று பேசுங்கள். ஒருவருடைய சொந்த ஜிபே நம்பருக்கு அனுப்பாமல் கம்பெனி பெயரிலிருக்கும் கணக்கில் போட்டு, ஜிஎஸ்டி நம்பரோடு ரசீது வாங்குங்கள். அந்த நம்பரை அரசாங்கத்தின் ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் கம்பெனி பெயர் வந்துவிடும். இத்தனை பேர் சேர்ந்தால்தான் டூர் நடக்கும் என்று ஒரு எண்ணிக்கை வைத்திருப்பார்கள். ஆள் சேராவிட்டால் முழுப் பணமும் திரும்புமா, எத்தனை நாளில் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். நீங்களாக ரத்து செய்தால் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும், அந்த அட்டவணையையும் கேளுங்கள். பேசின மாதிரி நடக்காவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915, பணமே மோசடியாகப் போய்விட்டது என்றால் உடனே 1930.

முக்திநாத் போக ஆசை. வயது 58. ஆதார் மட்டும்தான் இருக்கிறது, போதுமா?
– கண்டனூர் ஆச்சி ஒருவர்

போதாது ஆச்சி. நேபாளத்துக்கு விமானத்தில் போகிற இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 15 வயதுக்குக் கீழே, 65-க்கு மேலே இருப்பவர்களுக்குத்தான் ஆதாரை ஏற்றுக்கொள்வார்கள். வாக்காளர் அட்டை இருக்கிறதா என்று பீரோவில் தேடுங்கள், இருந்தால் அதிலிருக்கும் பெயரும் டிக்கெட்டில் போடப்போகிற பெயரும் இனிஷியல் உள்பட ஒன்றாக இருக்க வேண்டும்.

பொக்ராவிலிருந்து முக்திநாத் பக்கத்திலிருக்கும் ஜோம்சோம் போகிற சின்ன விமானம் காலையில் மட்டும்தான் பறக்கும், காற்று அடித்தால் அதுவும் நின்றுவிடும். அப்படி நின்றால் கூடுதலாகத் தங்குகிற ராத்திரிக்கு ரூம், சாப்பாடு உங்கள் செலவா, அவர்கள் செலவா? தனி ரூம் எடுத்தவருக்கு இது இரட்டிப்பாக வலிக்கும், ஆகவே இரண்டு ராத்திரிப் பணம் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். கோயில் 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, மூச்சு வாங்கும். பிபி, இதயம் என்று ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள், இன்ஷூரன்ஸ் எடுக்கும்போதும் இருக்கிற நோயை மறைக்காதீர்கள், மறைத்தால் அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் பைசா வராது. கோயிலில் வரிசையாகக் கொட்டுகிற 108 நீர்த் தாரையிலும் தலையை நனைப்பது அந்தக் குளிரில் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, கையில் பிடித்துத் தெளித்துக்கொண்டாலும் பலன் உண்டு.

நான் கோயம்புத்தூர். செட்டிநாட்டு வீடுகளையும் நகரத்தாரின் குலக் கோயில்களான நகரக் கோயில்களையும் பார்க்கத் தனியாக வரலாமா, குழுவோடு வந்தால்தான் கட்டுப்படியாகுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

தாராளமாகத் தனியாக வாருங்கள். ஆனால் பழைய பங்களாக்களை ஹோட்டலாக மாற்றியிருக்கிற இடங்களில் ரூமுக்குத்தான் வாடகை, ஒருவர் தங்கினாலும் ஏறக்குறைய அதே தொகைதான், பட்ஜெட் அங்கேயே தீர்ந்துவிடும். காரைக்குடியில் சாதாரண லாட்ஜில் தங்கிக்கொண்டு பகலில் சுற்றலாம். பிள்ளையார்பட்டி, குன்றக்குடிக்கு பஸ் இருக்கிறது. மாத்தூர், இலுப்பைக்குடி, வைரவன்பட்டி, இளையாத்தங்குடி என்று ஒன்பது நகரக் கோயிலையும் பார்ப்பதானால் பஸ் சரிப்படாது, கார் வேண்டும், கார் வாடகைதான் தனி ஆளுக்கு இடிக்கும். அந்த ஒரு நாளைக்கு மட்டும் ஏதாவது குழுவோடு சேர்ந்துகொள்ளுங்கள். ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற பெரிய வீட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் தரைக்கு டைல்ஸ் கல் போடுகிற பட்டறைக்கும் போங்கள், கண்ணாடி மேல் அச்சை வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். மத்தியானம் கோயில்கள் நடை சாத்திவிடும், வீடுகளை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.