மூணு மணிக்கு டின்னராம், பிள்ளைக்கு என்ன கொடுப்பது?

நவம்பர் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே மேசையைச் சுற்றித்தான் இருக்கும். நியூ ஜெர்சியில் மழலையர் பள்ளி ஆசிரியையாகப் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. என் இரண்டு பிள்ளைகளையும் வான்கோழி மேசைகளில் உட்கார வைத்துத்தான் வளர்த்தேன். அமெரிக்கர்கள் வான்கோழி விருந்து வைத்து நன்றி சொல்லும் தேங்க்ஸ்கிவிங் திருநாள் நெருங்குகிறதே, கேளுங்கள் என்றேன். கேட்டுக் குவித்துவிட்டீர்கள். வந்த வரிசையிலேயே போகிறேன்.

டாலஸ், மூன்று வயது மகளின் அம்மா: கணவரின் மேனேஜர் வீட்டில் விருந்து. டின்னர் மூணு மணிக்காம். மகள் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு ஒரு மணிக்குத் தூங்குகிறவள். போன வருஷம் ஒரு வாய்கூட வாங்காமல் அழுதே தீர்த்தாள் அக்கா.

அவளை அழவைத்தது வான்கோழி இல்லை, கடிகாரம். இங்கே தேங்க்ஸ்கிவிங் 'டின்னர்' என்பது பெரும்பாலும் பிற்பகல் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் வரும். மதியச் சாப்பாட்டிலும் சேராது, ராத்திரிச் சாப்பாட்டிலும் சேராது. அதிலும் மூணு மணி என்றால் வான்கோழி ஓவனிலிருந்து வெளியே வந்து, அரை மணி ஆறி, யாராவது அதை அறுத்து முடிக்க நாலு ஆகிவிடும். அதுவரை பெரியவர்கள் சீஸும் பிஸ்கட்டும் கொறித்துக்கொண்டு நிற்பார்கள். மூன்று வயதுக்கு அந்தப் பொறுமை ஏது?

பன்னிரண்டு மணிக்கே வீட்டில் ரசம் சாதமோ பருப்பு சாதமோ வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். காரில் தூங்கட்டும். அங்கே போய் டின்னர் ரோல் என்கிற குட்டி பன் ஒன்றைப் பிய்த்து வெண்ணெய் தொட்டுத் தின்றாலே அன்றைக்கு அவளுடைய விருந்து முடிந்தது. சின்ன டப்பாவில் தயிர் சாதம் எடுத்துப் போவதும் தப்பில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சியாட்டில், ஆறு வயது மகனின் அப்பா: நாங்கள் சைவம். மேசையில் இருக்கும் காய்கறி ஐட்டங்களை மட்டும் வைத்தால் போதும்தானே?

போதாது சார். தேங்க்ஸ்கிவிங் மேசையில் காய்கறி மாதிரி தெரிவதில் பாதிக்குள் கறி ஒளிந்திருக்கும். ஸ்டஃபிங் என்பது ரொட்டித் துண்டுகள்தான், ஆனால் அதை நனைத்திருப்பது அநேகமாகக் கோழிச் சாறு. கிரேவி வான்கோழியிலிருந்து வடிந்த சாற்றில் செய்தது. மசித்த உருளைக்கிழங்கிலும் சிலர் அதே சாற்றை ஊற்றுவார்கள். பீன்ஸில் பேக்கன் என்கிற பன்றிக்கறித் துண்டு கிடக்கும். சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் பொன்னிறமாக உருகி நிற்கிற மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது. அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. ஜெல்லோவும் அதே கதை. 'பை' (pie) என்கிற இனிப்புப் பண்டத்தின் மாவில் சில வீடுகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். முட்டை சாப்பிடாதவர்கள் பரங்கிக்காய் பையையும் சோள ரொட்டியையும் தொட வேண்டாம்.

பெரும்பாலும் பிழைப்பது கிரான்பெர்ரி சாஸ், சோளம், சாலட். எதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள். 'இதில் கறி இருக்கிறதா' என்று கேட்டால் இல்லை என்பார்கள், அவர்கள் கணக்கில் சாறு கறியில் சேராது. 'சிக்கன் பிராத் ஊற்றினீர்களா, ஜெலட்டின் உண்டா' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அப்புறம், வெறுங்கையோடு போகாமல் பையன் சாப்பிடுகிற ஒன்றை எல்லோருக்கும் போதுகிற அளவு செய்து எடுத்துப் போங்கள். நான் சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சதுரமாக வெட்டி, கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் தாளித்து, தேங்காய்த் துருவல் போட்டுக் கொண்டுபோவேன். முதல் வருஷம் அது மார்ஷ்மெல்லோ மூடிய கிழங்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒரே கிழங்கு என்று கண்டுபிடித்தது ஒரு ஐந்து வயதுக்காரன். அதற்குப் பிறகு அந்த மேசையில் பிள்ளைகள் மிளகாயை மட்டும் ஒதுக்கிவிட்டுத் தேங்காயைப் பொறுக்கித் தின்றதைப் பார்த்திருக்க வேண்டும்!

அட்லாண்டா, நான்கு வயது மகனின் அம்மா: மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார். தட்டை எடுத்துக்கொண்டு பேரன் பின்னாலேயே ஓடுகிறார். வீட்டில் சரி, அமெரிக்க நண்பர்கள் வீட்டிலும் இப்படியே செய்தால் என்ன சொல்வது?

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் இதற்கு ஒரு பாகப்பிரிவினை சொன்னார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் கையில். எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளை கையில். என் வகுப்பில் நாங்கள் பின்பற்றுவது இதைத்தான், பலனைக் கண்ணால் பார்த்தவள் நான். 'இன்னும் ஒரு வாய், பாட்டிக்காக ஒரு வாய்' என்று வற்புறுத்துகிற அளவுக்குப் பிள்ளை இறுகிப்போகும். புதுப் பண்டம் ஒன்று பிடிபட, பத்துப் பதினைந்து தடவைகூடத் தட்டில் பார்க்க வேண்டியிருக்கும். வருஷத்தில் ஒரே ஒரு நாள் வருகிற கிரான்பெர்ரியை அன்றைக்கே விழுங்கு என்றால் எப்படி?

ஆனால் இதையெல்லாம் உங்கள் மாமியாரிடம் பாடம் நடத்தாதீர்கள். என் அம்மா வந்திருந்தபோது நடத்திப் பார்த்துவிட்டு, மூன்று நாள் அவர் என்னிடம் பேசாமல் இருந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு விருந்தில் மகன் மேசைக்கு அடியில் போய் ஒளிந்தான். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் உருட்டிய சோற்றுக் கவளத்தோடு அவன் பின்னாலேயே குனிந்து போனார். எனக்கு மானம் போனது. ராத்திரி யோசித்தேன். ஆறு மாசத்தில் அவர் ஃப்ளைட் ஏற வேண்டும். பேரனுக்கு ஊட்ட அவருக்கு இருப்பது அந்த ஆறு மாசம்தான். அவர் ஓடுவது சோற்றுக்காக மட்டும் இல்லை.

அடுத்த தடவை ஊட்டுகிற வேலைக்குப் பதிலாக வேறு வேலை கொடுத்தேன். பேரனோடு சேர்ந்து டின்னர் ரோல்களுக்கு வெண்ணெய் தடவுவது, பிள்ளைகள் மேசையில் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வது. அன்றைக்கு அவன் என்ன தின்றான் என்று அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ராத்திரி ஒரு நிலாச்சோறு. அது பாட்டி ராஜ்ஜியம், நான் தலையிடவில்லை.

சிகாகோ, ஒன்றரை வயதுக் குழந்தையின் அப்பா: மேசையில் எதையெல்லாம் தள்ளி வைக்க வேண்டும்?

முழு திராட்சை, முழுக்கொட்டைகள், பாப்கார்ன், பச்சைக் கேரட் துண்டு, மார்ஷ்மெல்லோ, வட்டமாக நறுக்கிய சாசேஜ். இவையெல்லாம் நாலு வயது வரைக்குமே தொண்டையில் சிக்கக்கூடியவை. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டினால் கொடுக்கலாம். ஆலிவில் குத்தியிருக்கும் பல்குச்சியையும் பாருங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைகளுக்குத் தேன் கூடாது, தேன் தடவிச் சுட்ட ஹாமும் (பன்றித் தொடைக்கறி) அதில் சேர்த்தி. சோபா ஓரத்தில் பாதி குடித்து வைத்த ஒயின் கிளாஸ்களை நீங்கள்தான் எடுக்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் சமையல் தீ விபத்து மிக அதிகமாக நடக்கும் நாளே தேங்க்ஸ்கிவிங்தான், அதனால் அடுப்பிலிருந்து மூன்று அடிக்குள் குழந்தை வரக்கூடாது.

பாஸ்டன் பக்கம், ஏழு வயது மகளின் அம்மா: பள்ளியில் காகித இறகு கிரீடம் செய்து மாட்டி அனுப்பினார்கள். 'பில்கிரிம்களும் இந்தியன்ஸும் ஒண்ணா சாப்பிட்டாங்களாம். அம்மா, நாமதானே இந்தியன்ஸ்?' என்று கேட்டாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

என் மகளும் இதையேதான் கேட்டாள்! முதலில் அந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள்: கொலம்பஸ் நம் பக்கம் வருவதாக நினைத்துக்கொண்டு அமெரிக்கப் பக்கம் போய் இறங்கி, அங்கிருந்தவர்களை இந்தியன்ஸ் என்று கூப்பிட்ட தவறு, ஐந்நூறு வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த விருந்தில் சாப்பிட்ட மக்களுக்குச் சொந்தப் பெயர் உண்டு, வாம்பனோவாக்.

நடந்ததாகத் தெரிவது இவ்வளவுதான். 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பேரில் (இவர்களைத்தான் பில்கிரிம்கள் என்கிறார்கள்) ஏறக்குறையப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்கள். அவர்கள் குடியேறிய பிளிமத், அதற்கு முன் பட்டக்செட் என்ற வாம்பனோவாக் ஊர். சில வருஷங்களுக்கு முன் வந்த கொள்ளைநோயில் ஊரே காலியாகிவிட்டது. அந்த ஊர்க்காரரான டிஸ்குவாண்டம் முன்பே கடத்தப்பட்டு ஐரோப்பா போய்த் திரும்பியவர், ஆங்கிலம் தெரிந்தவர். அவர்தான் வந்தவர்களுக்குச் சோளம் போடக் கற்றுக்கொடுத்தார். 1621 அறுவடைக்குப் பிறகு மூன்று நாள் விருந்து நடந்தது. தலைவர் மசசாய்ட் தொண்ணூறு பேரோடு வந்தார், அவர்கள் ஐந்து மான் வேட்டையாடிக் கொடுத்தார்கள். உருளைக்கிழங்கும் கிடையாது, பையும் கிடையாது. ஐம்பது வருஷம் கழித்து அதே மசசாய்டின் மகன் காலத்தில் இரு தரப்புக்கும் கொடும் போர். இன்றைக்கும் பூர்வகுடிகள் பலர் தேங்க்ஸ்கிவிங் அன்று பிளிமத்தில் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள், 1970இலிருந்து.

விடுமுறை என்று பார்த்தால் அது வேறு கதை. சாரா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியர் பல வருஷம் எழுதி எழுதிக் கேட்டு, உள்நாட்டுப் போர் நடுவில் 1863இல் லிங்கன் தேசிய நாளாக அறிவித்தார். நவம்பர் நான்காம் வியாழன் என்று சட்டமானது 1941இல். மகளிடம் ஒரு கொசுறு சொல்லுங்கள்: 'மேரி ஹாட் எ லிட்டில் லாம்ப்' பாட்டை எழுதியதும் அதே சாரா ஹேல்தான்.

ஏழு வயதுக்கு இவ்வளவும் வேண்டாம். 'பசியில் இருந்தவர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் உதவினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், பிற்பாடு வந்தவர்கள் அவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், அந்த மக்கள் இன்னும் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள்' என்றால் புரிந்துகொள்வாள். இறகு கிரீடம் வாம்பனோவாக்குகளுடையதே இல்லை, மேற்கே சமவெளி மக்களுடையது. என் வகுப்பில் அதைச் செய்வதை விட்டு வெகுநாளாகிறது. ஆசிரியையிடம் சண்டை வேண்டாம், மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

சான் ஹொசே, இரண்டு பிள்ளைகளின் அம்மா: முதன்முதலாக வீட்டிலேயே வான்கோழி செய்கிறோம். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பச்சை வான்கோழியில் மட்டும் வேண்டாம். உறைந்த பறவை ஃப்ரிட்ஜுக்குள் இளகுவதற்கு நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் ஆகும். 12 பவுண்டு என்றால் மூன்று நாள், ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரீசரிலிருந்து இறக்கிவிடுங்கள். மஞ்சள் போட்டுக் கழுவாமல் எப்படி என்று கை பரபரக்கும், எனக்கும் பரபரத்தது. கழுவாதீர்கள், தெறிக்கிற தண்ணீரில் கிருமி சிங்க் முழுக்கப் பரவும். வெந்ததா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், தொடையின் தடித்த இடத்தில் எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்துங்கள். 165 டிகிரி பாரன்ஹீட் காட்ட வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கிரான்பெர்ரியைக் கொடுங்கள். நல்ல பழத்துக்குள் காற்றறைகள் இருப்பதால் கீழே போட்டால் பந்து மாதிரி குதிக்கும், அழுகினது பொத்தென்று கிடக்கும். குதிப்பது ஒரு கிண்ணம், குதிக்காதது குப்பை என்று விட்டால் அரை மணி நேரம் அடுக்களைப் பக்கம் வர மாட்டார்கள். ஆனால் கழுவுகிற வேலை உங்களுடையது. மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூணு நாலு நாளில் தீர்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை வான்கோழிக் கொத்து பரோட்டா எங்கள் வீட்டில் வியாழனைவிடப் பெரிய பண்டிகை.

ஸ்கார்பரோ (கனடா), இரண்டு பிள்ளைகளின் அம்மா: அக்கா, எங்களுக்கு இங்க ஒக்டோபரிலேயே முடிஞ்சுது. ரெண்டு நாடும் ஏன் வேற வேற நாள் எண்டு பிள்ளையள் கேக்கினம்.

வடக்கே போகப் போக அறுவடை முந்திவிடும், அதனால் உங்களுடையது முந்தி. ஒக்டோபர் இரண்டாம் திங்கள் என்று கனடா 1957இல் நிலையாக்கியது. மீதிக் கேள்விகள் எல்லாம் இரண்டு நாட்டுக்கும் பொதுதான் தங்கச்சி.

வர்ஜீனியா, ஐந்து வயது மகனின் அம்மா: ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று மேசையைச் சுற்றிச் சொல்லி வருவார்களே, அவன் முறை வந்தால் வாயையே திறக்க மாட்டான்.

விட்டுவிடுங்கள். வேண்டுமானால் முன்னாலேயே ஒரு படம் வரையச் சொல்லி, அதைக் காட்டட்டும். என் வகுப்பில் ஒரு பையன் வாஷிங் மெஷினுக்கு நன்றி சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவனுடைய போர்வை அதற்குள் போய்த் திரும்பி வந்திருந்தது, அவனுக்கு அது பெரிய விஷயம்.

ஒஹாயோ, எட்டு வயது மகனின் அம்மா: நாங்கள் மூன்று பேர்தான். யாரும் கூப்பிடவில்லை, வான்கோழியும் எங்களுக்குப் பிடிக்காது. திங்கட்கிழமை வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கதை சொல்லும்போது இவன் என்ன சொல்வான் என்று கவலையாக இருக்கிறது.

காலையில் நைட் டிரஸ்ஸோடு மூன்று பேரும் நியூயார்க் ஊர்வலத்தை டிவியில் பாருங்கள். மேசிஸ் கடைக்காரர்கள் 1924இல் தொடங்கியது. அப்போது ராட்சத பலூன் கிடையாது, மிருகக்காட்சிசாலையிலிருந்து நிஜ யானைகளையே கூட்டி வந்தார்கள். அதைச் சொல்லுங்கள், வாயைப் பிளப்பான். அப்புறம் கோழி பிரியாணி போடுங்கள், வெங்காயப் பச்சடியை அவன் கலக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், இலையைச் சரியாக மூணு மணிக்குப் போடுங்கள். மூணு மணிக்கு டின்னர் சாப்பிட்டேன் என்று அவனும் வகுப்பில் சொல்ல வேண்டுமே.