எழுத்தாளர் ஆக வேண்டுமென்றால் வேலையை விட வேண்டுமா?

கேள்வி: வயது 29. தனியார் கம்பெனியில் மாதச் சம்பளம். எழுத்தாளர் ஆக வேண்டும் என்று பல வருட ஆசை. வேலையை விட்டுவிட்டு முழு நேரம் எழுதினால் பிழைக்க முடியுமா? வீட்டில் இதை எப்படிச் சொல்வது?

நான் பெயர் வாங்கிய எழுத்தாளன் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சிறுபத்திரிகைகளில் சில கதைகள் வந்திருக்கின்றன, ஒரு தொகுப்பும் வந்திருக்கிறது. இலக்கியமாகப் பதில் சொல்ல வேறு ஆட்கள் இருப்பார்கள். கணக்காகச் சொல்ல நான் போதும்.

முதலில் வரவு. தமிழில் ராயல்டி என்றால் வழக்கமாகப் புத்தக விலையில் 10 சதவீதம் என்பார்கள். 200 ரூபாய்ப் புத்தகம் ஒன்று விற்றால் உங்களுக்கு 20 ரூபாய். முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் 1,000, 1,200 பிரதி அச்சடிப்பார்கள். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் அதில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். இப்போது வேண்டும்போது வேண்டிய அளவு அச்சிடும் வசதி வந்துவிட்டதால் நூறு, இருநூறு போட்டுப் பார்த்துவிட்டு, போனால் மறுபடி போடுகிறார்கள். உங்கள் முதல் புத்தகம் 300 பிரதி விற்றது என்று வைத்துக்கொள்வோம். புதியவருக்கு அது கௌரவமான விற்பனைதான். வரவு 6,000 ரூபாய். அதுவும் வருடா வருடம் கணக்கு எழுதித் தருகிற பதிப்பாளராக வாய்த்தால். என் தொகுப்புக்கு என்ன வந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டு ஒரு மாத வாடகையை அது தொடவில்லை.

தொழில் புத்தி விடாது, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர்களுக்கென்று வருமான வரியில் ஒரு சலுகை உண்டு. 1961ஆம் வருடச் சட்டத்தில் 80 க்யூக்யூபி என்ற பிரிவு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, இலக்கிய நூல்களின் ராயல்டியில் 3 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ள விட்டது. புதிய வரி முறைக்குப் போனவர்களுக்குக் கிடையாது. அந்த 3 லட்சத்தையும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமென்றால் 200 ரூபாய்ப் புத்தகம் 15,000 பிரதி விற்க வேண்டும். சலுகை எழுதியவர் தமிழ்ப் பதிப்பகப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

இதற்காகத் தமிழ்நாட்டில் புத்தகத்துக்குப் பணமே இல்லை என்று சொல்லவும் முடியாது. கட்டடத்துக்குச் சொத்துவரி கட்டும்போது ரசீதைப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு தொகை சேர்ந்திருக்கும். 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தால் வந்தது அது. சொத்துவரியில் ரூபாய்க்கு 10 பைசா. ஓவர்லாக் மெஷின் ஓடுகிற எங்கள் கம்பெனிக் கட்டடமும் வருடா வருடம் ஏதோ ஒரு நூலகத்துக்குப் பணம் தருகிறது. அது எழுத்தாளன் கைக்கு வந்து சேரும் பாதைதான் நீளம். தமிழக அரசு எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கிப் பரிவுத்தொகை தருகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் பெரும்பாலும் அதை வாங்கிக்கொள்வது வாரிசுகள். எழுதியவர் படத்தில் இருப்பார்.

எழுதிப் பிழைக்கும் கனவு உங்களோடு ஆரம்பித்ததில்லை. 1920இல் கடையத்தில் இருந்தபோது பாரதி ஒரு திட்டம் போட்டார். தன் கையெழுத்துப் பிரதிகளை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி. மொத்தம் நாலு லட்சம் பிரதி. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைவிட வேகமாக விற்றுவிடும் என்று நம்பி, அச்சுச் செலவுக்கு நண்பர்களிடம் கடன் கேட்டுக் கடிதம் எழுதினார். நான் அந்தக் காலத்தில் அவருக்குக் கணக்கராக இருந்திருந்தால் வேண்டாம் சாமி என்று காலில் விழுந்திருப்பேன். பணம் சேரவில்லை, திட்டம் நடக்கவில்லை. அடுத்த வருடம் அவர் இல்லை. பிற்பாடு பார்த்தால் சரக்கைப் பற்றிய அவர் மதிப்பீடு சரி. நாலு லட்சம் என்பது குறைவான எண்ணிக்கைதான். தவறிப்போனது காலக்கெடு மட்டும். எழுத்தில் வரவு வருவதற்கும், வாடகை கேட்டு வீட்டுக்காரர் வருவதற்கும் இடையில் இருக்கிற அந்த இடைவெளிக்கு யார் பணம் போடுவது என்பதுதான் உங்கள் கேள்வியே.

பலருக்கு அந்தப் பணத்தைப் போட்டது ஏதோ ஒரு சம்பளம். சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயர். தி. ஜானகிராமன் வானொலியில். வண்ணதாசன் ஸ்டேட் வங்கியில். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. எங்கள் ஊர் சுப்ரபாரதிமணியன் தொலைபேசித் துறையில் இருந்துகொண்டுதான் சாயப்பட்டறைகளைப் பற்றி ‘சாயத்திரை’ நாவலை எழுதினார். மறுபக்கமும் உண்டு. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ பத்திரிகை ஆரம்பித்துக் கைப்பணத்தைக் கரைத்தவர். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டுடியோ வேலையிலிருந்து வெளியே வந்தபின் எழுத்தை நம்பியே இருந்தார். வசதியாக இருந்தார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இவர்களைப் பார்த்து வேலையை விடு என்றோ விடாதே என்றோ ஒரு விதியை என்னால் எடுக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் பெரிய ஆட்கள்.

ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. நேரம் இல்லாததைவிடக் கடன்தான் எழுத்தை அதிகம் கெடுக்கிறது.

அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனபோது நகைக்கடன் ஒன்று, பர்சனல் லோன் ஒன்று என்று ஏறிவிட்டது. அந்த லோன் ஓடிய காலம் முழுக்க என்னால் ஒரு கதை முடிக்க முடியவில்லை. நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இருந்தது, காலை இருந்தது. உட்கார்ந்தால், ஐந்தாம் தேதி தவணை எடுக்கும்போது அக்கவுண்டில் போதுமான பணம் இருக்குமா என்பதுதான் ஓடும். இல்லையென்றால் பவுன்ஸ் ஆகும், வங்கி ஒரு அபராதம் பிடிக்கும், லோன்காரன் ஒரு அபராதம் போடுவான். கதாபாத்திரம் அடுத்து என்ன சொல்லும் என்று யோசிக்கிற இடத்தில் இந்தக் கணக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. லோன் முடிந்தது. அதே கம்பெனி, அதே ஒன்றரை ஷிப்ட், அதே நாற்காலி. கதைகள் வர ஆரம்பித்துவிட்டன. அதனால்தான் வேலையை விடுவதா என்று யாராவது கேட்டால் நான் முதலில் தவணை எவ்வளவு என்று கேட்கிறேன். நீங்கள் அதைச் சொல்லவில்லை. கார் லோன், வீட்டு லோன், கிரெடிட் கார்டு பாக்கி, சீட்டு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சம்பளத்தில் பாதிக்கு மேல் போகிறதென்றால் வேலையை விடுவது பற்றி இப்போது பேச வேண்டியதே இல்லை. வேலையில் இருந்துகொண்டேகூட எழுத முடியாது. அதை முதலில் முடியுங்கள்.

இங்கே சம்பளம் சனிக்கிழமைச் சம்பளம். வெள்ளிக்கிழமையே ஷிப்ட் கணக்கு, பீஸ் ரேட் கணக்கு எல்லாம் என் மேஜைக்கு வந்துவிடும். யார் எத்தனை ஷிப்ட், யார் அட்வான்ஸ் பிடித்தம், யார் பாதியில் ஊருக்குப் போனார் எல்லாம் அதில் தெரியும். புதன்கிழமையே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் டெய்லர்கள் உண்டு. குழு லோனுக்கு வாரத் தவணை கட்ட வேண்டும் என்று அட்வான்ஸ் கேட்கும் பெண்கள் உண்டு. ஐந்நூறு ரூபாய் ஒருத்தர் முகத்தை என்ன செய்யும் என்பதை நான் எந்த நாவலிலும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. வேலையை விட்டிருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது.

செக்கிங் பிரிவில் ஒரு பெண், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பிரதிலிபி ஆப்பில் தொடர்கதைகள் படிப்பவர். என் கதை வந்த பத்திரிகையைக் கேட்டு வாங்கிப் போனார். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்: “ஏனுங்ண்ணா, உங்க கதையில வர்ற ஆளுங்க யாருமே சம்பளம் வாங்கறதில்லீங்களா?”

எனக்குப் பதில் வரவில்லை. உண்மைதான். நாள் முழுக்கச் சம்பளக் கணக்கு எழுதுகிறவன், கதை எழுத உட்கார்ந்ததும் மழை, நினைவு, தனிமை என்று போயிருந்தேன். புதுமைப்பித்தனின் ‘ஒரு நாள் கழிந்தது’ கதையை அதற்குப் பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன். எழுதிப் பிழைக்கும் ஒருவர் வீட்டில், காசு இல்லாமல் ஒரு நாள் எப்படி நகர்கிறது என்பதுதான் கதை. அதில் வரும் சில்லறைத் தொகைகள் ஒவ்வொன்றும் கதாபாத்திரம் மாதிரி வேலை செய்கின்றன. அதற்கப்புறம் நான் எழுதும் எல்லாக் கதையிலும், வருகிற ஆளுக்கு என்ன வருமானம் என்பதை முதலில் தனியாக எழுதி வைத்துக்கொள்கிறேன். கதைக்குள் அது வராமல் போனாலும் பரவாயில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஆள் எந்தத் தேதியில் எரிந்து விழுவான், எந்தத் தேதியில் பூ வாங்கிக்கொண்டு வருவான் என்பதெல்லாம் அதிலிருந்து வந்துவிடுகிறது. எழுதுவது பற்றி எனக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பம் இதுதான், சும்மா வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்துக்கு வருவோம். தினமும் எழுது என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னால் முடியாது. மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதி 3பி என்று இரண்டு ஜிஎஸ்டி கணக்குகளைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் பத்து நாளும் பார்ட்டிகளுக்குப் போன் போட்டு பில் கேட்பதிலேயே போய்விடும். அப்போது எழுத உட்காருவதில்லை, உட்காரவில்லையே என்று வருத்தப்படுவதும் இல்லை. 21ஆம் தேதி காலையிலிருந்து மாதக் கடைசி வரை என்னுடையது. கம்பெனி மணி அடிக்கும் எட்டரைக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம். உங்கள் வேலைக்கும் இப்படி ஒரு மாதச் சுழற்சி இருக்கும். அதைக் கண்டுபிடித்து அதற்குள் நுழையுங்கள்.

முழுதாக விடுவதற்கும் முழுதாக இருப்பதற்கும் நடுவிலும் இடம் இருக்கிறது. திருப்பூரில் பல கணக்கர்கள் ஒரே கம்பெனியில் இல்லாமல், சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகள் நாலைந்துக்குப் பகுதி நேரமாகக் கணக்கு எழுதுகிறார்கள். வருமானம் கொஞ்சம் குறையும், மத்தியானம் கையில் கிடைக்கும். கடன் இல்லையென்றால், ஒரு வருடச் செலவுக்குப் பணமும் தனியாக இருந்தால், நானே அதற்குத்தான் போவேன். உங்கள் தொழிலில் அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால் பாருங்கள்.

விளம்பர வாசகம், மொழிபெயர்ப்பு, சீரியல் வசனம், பெரிய மனிதர்களின் சுயசரிதையை அவர்களுக்காக எழுதிக் கொடுப்பது என்று எழுத்திலேயே கூலி வேலையும் உண்டு. காசு வரும். ஒரு கார்மெண்ட்ஸ் முதலாளியின் மணிவிழா மலர் எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு மலருக்கு வந்தது என் தொகுப்புக்கு வந்ததைவிட அதிகம். ஆனால் அன்றன்றைக்கு வார்த்தை தீர்ந்துபோகும். நாள் முழுக்க எண்களோடு இருந்துவிட்டு வந்தால் வார்த்தை மேல் ஆசை மிச்சம் இருக்கிறது. இது என் சுபாவமாக இருக்கலாம். செய்து பார்த்து முடிவு பண்ணுங்கள்.

கடைசியாக, வீட்டில் எப்படிச் சொல்வது. லட்சியம், கனவு என்று ஆரம்பிக்காதீர்கள்; வீட்டில் இருப்பவர்களுக்கு அது கடன் வாங்கப் போகிறவன் பேச்சு மாதிரித்தான் கேட்கும். நான் என் மனைவியிடம் சொன்னபோது, இதில் எவ்வளவு வரும் என்று கேட்பார் என எதிர்பார்த்துப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“எழுதறதுக்கு மாசம் எவ்வளவுங்க ஆகும்?”

புத்தகம், பத்திரிகைச் சந்தா, கூட்டங்களுக்குக் கோயமுத்தூர் போய்வர பஸ் செலவு, டீ. உட்கார்ந்து கூட்டினோம். மாதம் 1,500 ரூபாய் என்று முடிவானது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருவதால் அந்த மாதம் மட்டும் கூடுதல். ராயல்டி என்று எப்போதாவது வந்தால் அது இந்தக் கணக்கில்தான் வரவு வைக்க வேண்டும், வீட்டுச் செலவுக்கு எடுக்கக் கூடாது என்பதும் அவர் போட்ட நிபந்தனைதான். மணிவிழா மலர்ப் பணம் மட்டும் எழுத்துக் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார். அதில் மிக்ஸி வாங்கினோம்.