பொன்னாடைக்குப் படம் கீறாத – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். 27 வயசு. கொழும்பில ஒரு ஃபுட்போல் கிளப்புக்கு லெஃப்ட் பேக், அதுதான் இடப்பக்கத் தடுப்பு, விளையாடுறன், மாசச் சம்பளம். 2023 ஜனவரில உலக ஃபுட்போல் சம்மேளனம் ஃபீஃபா எங்கட நாட்டைத் தடை செய்த நேரம் நேஷனல் டீம் ஆசையே விட்டுப்போச்சு, அந்த விரக்தில படம் கீறத் தொடங்கினன். இப்ப ஃபுட்போலை விட்டிட்டு முழுநேரமாக் கீறலாம் எண்டு யோசிக்கிறன். பிரான்ஸ் ஃபுட்போல்காரர் எரிக் கன்டோனாவும் 30 வயசில விட்டிட்டு நடிக்கப் போனவர்தானே. அம்மா அழுகிறா, கோச் ஏசுறார். போன மாசம் ஊரில ஒரு புத்தகத்துக்கு அட்டைப்படம் கீறிக் குடுத்தன், காசு வாங்கேல்ல, வெளியீட்டு விழாவில மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்தினாங்கள், கண் கலங்கிட்டுது. எனக்குக் காசு முக்கியமில்ல அக்கா, கலைதான். முறையாப் படிக்காமல் இந்த வயசில தொடங்கினாச் சரிவருமா?

– ர.

அன்புள்ள ர.,

நீ அனுப்பின படங்களை முதல்ல பாத்தன், கடிதத்தைப் பிறகுதான் வாசிச்சன். அந்தப் படகு ஜெட்டில மூதூருக்குப் போற லோஞ்சுக்கு நிக்கிற சனத்தின்ட படம். முகம் ஒண்டுமே இல்ல, எல்லாம் முதுகும் காலும்தான், ஆனா ஆர் எந்தக் கால்ல பாரத்தைப் போட்டு நிக்கினம் எண்டது அப்பிடியே தெரியுது. எதிர்ல பந்தோட ஓரத்தால வாற விங்கர் எந்தப் பக்கம் வெட்டுவான் எண்டு அவன்ட காலையே பாத்துப் பழகின கண் அது. வடிவா இருக்கு ராசா. புகழ்ச்சி இவ்வளவுதான், இனி ஏச்சு.

கன்டோனாவை விடு. அந்தாள் மான்செஸ்டர் யுனைட்டட்டோட நாலு தரம் லீக் சம்பியன் ஆகிப்போட்டு 1997ல விட்டவர், அடுத்த வருசமே 'எலிசபெத்' படத்தில பிரெஞ்சுத் தூதுவரா வந்து நிண்டவர். உனக்கும் அவருக்கும் என்ன கணக்கு? கேரளத்து ஃபுட்போல்காரர் ஐ.எம். விஜயனைப் பார், திருச்சூர் ஸ்டேடியத்தில சோடா வித்த பொடியன், இந்தியாவுக்கே கப்டன் ஆகி, பிறகு 'திமிரு' படத்தில வில்லன், 'பிகில்'ல நடிப்பு, அப்பிடி இருந்தும் 2025ல கேரளா பொலிஸ்ல இருந்துதான் ரிடயர் ஆனவர். ஃபீஃபா தடைய 2023 ஆகஸ்டிலயே எடுத்தாச்சு, அதையும் ஒரு காரணமாச் சொல்லிக்கொண்டு திரியாத. அம்மா அழுவா, அது அம்மாமாரின்ட வேலை.

எனக்குக் கொதி வந்தது அந்தப் பொன்னாடைல. காசு முக்கியமில்லையாம், கலைதானாம். அந்தப் புத்தகத்தை அச்சடிச்ச பிரெஸ்காரன் சும்மாவா அடிச்சவன்? ஹோலுக்கு வாடகை, மைக் செட்காரனுக்குக் காசு, வந்த சனத்துக்கு ரோல்ஸும் பிளேன்டியும் குடுத்த கடைக்குக் காசு, எல்லாருக்கும் குடுத்துப்போட்டு அட்டைய ரெண்டு கிழமை இருந்து கீறினவனுக்கு மட்டும் ஒரு துணி. அதுக்கு நீ கண் வேற கலங்கினனீ. என்னையும் ஒருக்கா இப்பிடித்தான் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டு, பேசவிட்டு, பொன்னாடை போத்தி, ஃபோட்டோ எடுத்து, திரும்பி வர பஸ் காசு கேக்க ஆளையாள் பாத்தவை.

எண்பதுகள்ல என்.சி. ரோட் பக்கம் ஒரு அண்ணன் கடைகளுக்குப் பேர்ப் போர்ட் எழுதுறவர். அதுக்கு முதல் கொழும்பில ஒரு டிபார்ட்மென்ட் டீமுக்கு விளையாடினவர், ஃபுட்போலுக்காகவே வேலை குடுத்து வச்சிருந்தவங்கள். 83 கலவரத்தோட ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகேல்ல, பூட்ஸ் கழட்டின கையோட பிரஷ் எடுத்தவர். நாங்க பள்ளிக்கூடம் விட்டு வரேக்க நிண்டு பாப்பம். சோக் பூசின நூலை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சு ஒரு சுண்டு சுண்டுவார், பலகையில கோடு விழும், பிறகு தடி ஒண்டை ஊண்டி அதில மணிக்கட்டை வச்சுக்கொண்டு ஒரே இழுப்பில 'ஸ்ரீ'. எழுத்துக்குக் காசு. அதிலயும் கொம்பு, கால் எல்லாம் தனித்தனி எழுத்து, 'கோ' எண்டா மூண்டு. கோணேஸ்வரா எண்டு கடைக்குப் பேர் வச்ச முதலாளிமார் அவரோட சண்டை பிடிக்காத நாள் இல்ல. ஒரு முதலாளி புள்ளிக்குக் காசு தரமாட்டன் எண்டவர், அண்ணன் புள்ளி எல்லாம் விட்டிட்டு எழுதிக் குடுத்திட்டார், அடுத்த நாளே காசோட வந்தார் முதலாளி.

அவர் முந்தி விளையாடின ஊர்க் கிளப் ஆண்டு விழாவுக்கு மேடைப் பின்திரை கீறச் சொன்னது. எங்கட பொடியன்தானே, காசென்னத்துக்கு எண்டு விழாவில பொன்னாடை போத்தினாங்கள். அடுத்த நாள் காலமை அவர் பில்லோட செயலாளர் வீட்டு வாசல்ல. "விளையாடேக்க நீ காசு கேக்கேல்லயே" எண்டு செயலாளர். "அப்ப பஸ் காசும் சோத்துப் பார்சலும் தந்தனீங்கள், இப்ப அதுவும் இல்லையே" எண்டு இவர். மூண்டு தவணையா வாங்கினவர். பொன்னாடைய எங்க வச்சிருக்கிறீங்கள் எண்டு நாங்க பகிடிக்குக் கேட்டா, பிரஷ் துடைக்கவும் உதவாது, பொலியெஸ்டர், டேர்பன்டைனை உறிஞ்சாது எண்டு சொல்லுவார், முகத்தில சிரிப்பே இருக்காது. பிறகு ஃப்ளெக்ஸ் பிரின்ட் வந்து அந்தத் தொழிலையே முடிச்சுப்போட்டுது, அது வேற கதை.

கன்டோனாவுக்குப் பதிலா நீ ஏர்னி பான்ஸைத் தெரிஞ்சு வச்சிருக்கோணும். அவர் விளையாடினது எங்கட ஃபுட்போல் இல்ல, பந்தைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடி ஆளையாள் மோதுற அமெரிக்கக்காரற்ற ஃபுட்போல், பரவாயில்ல. டென்வர் டீம்ல இருக்கேக்க, கவனிக்காமல் படம் கீறிக்கொண்டிருந்ததுக்குக் கோச் ஃபைன் அடிச்சவராம். 1965ல காயத்தோட விளையாட்டு முடிஞ்சுது. மனுசன் ஹியூஸ்டன்ல டீம் முதலாளிமார் கூட்டம் நடந்த இடத்துக்கே போய், உங்கட லீக்குக்கு ஒரு ஓவியன் வேணும், என்னை வையுங்கோ எண்டு கேட்டவர். நியூயோர்க் ஜெட்ஸ் முதலாளி சொனி வெர்ப்ளின் படங்களைப் பாத்திட்டு, விளையாட்டுக்காரனுக்குக் குடுக்கிற மாதிரியே சம்பளம் போட்டுக் கீற வச்சவர். 1966ல நியூயோர்க்கில தனிக் கண்காட்சி. அவர்ட 'சுகர் ஷேக்' படம் 2022ல ஏலத்தில 15 மில்லியன் டொலருக்கு மேல போச்சு எண்டுதான் எல்லாரும் கதைப்பினம், ஆள் 2009லயே செத்துப்போனார், அந்தக் காசை வச்சு அவர் என்ன செய்யிறது? நான் சொல்லுறது 1965ல வாயைத் திறந்து சம்பளம் கேட்டதை. ஒரு ஆளாவது குடுத்தான் பார்.

ஓ, நீ கேட்டதை மறந்திட்டன். 27 ஒரு வயசில்ல. பான்ஸ் ஃபுட்போல் ஸ்கொலர்ஷிப்ல போய் ஓவியம் முறையாப் படிச்சவர், எங்கட போர்ட் அண்ணன் ஒரு நாளும் படிக்கேல்ல, ரெண்டு பேரும் கீறினவை. கை, விரல் மட்டும் உனக்கு இன்னும் சரியா வரேல்ல, அதைப் பழகு, ஜெட்டிப் படத்தில எல்லாரும் கையைப் பொக்கெட்டுக்குள்ள விட்டிருக்கிறது ஏன் எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைக்காத.

கிளப்பை இப்ப விடாத, ஒப்பந்தம் முடியட்டும், சம்பளம் வரேக்க நல்ல பேப்பரா வாங்கிப் போடு. அதுக்கு முதல் அந்தப் புத்தகக்காரருக்கு ஒரு பில் அனுப்பு. திகதி போட்டு, தொகை போட்டு, பேங்க் எக்கவுண்ட் நம்பரும் போட்டு. எவ்வளவு எண்டு போடத் தெரியாட்டிக் கேள், சொல்லித்தாறன். தரமாட்டம் எண்டா அதையும் எழுது, அவையின்ட அடுத்த விழாவுக்கு என்னைத்தான் தலைமை தாங்கக் கேட்டிருக்கினம்.

அன்புடன்,
அக்கா