படகு கவிழ்ந்து உயிர் போனா, அதிகாரிங்களுக்கு என்ன பொறுப்பு?

பிச்சாவரம், முத்துப்பேட்டை பக்கம் போட்ல போறவங்க பலருக்கும் வர்ற சந்தேகம் இது, ஓட்டுனவர் தப்புக்கு ஆபீசர் ஏன் மாட்டணும்னு.

அதிகாரியோட பொறுப்புன்னா, செக் பண்ணி அனுமதி குடுக்க வேண்டியவர் ஒழுங்கா செக் பண்ணாரா, தப்பா ஓடுதுன்னு தெரிஞ்சும் நிறுத்தாம விட்டாராங்கறதுக்கு அவரே பதில் சொல்லியாகணும். டிக்கெட் எடுக்குற நமக்கு அந்தப் படகு எத்தனை பேரைத் தாங்கும்னு எப்படித் தெரியும்? நமக்குப் பதிலா பார்க்கத்தான் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021ல மோட்டார் படகுக்கு சர்வே (படகு ஓட்டத் தகுதியா இருக்கான்னு பார்க்குற சோதனை), ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் வச்சிருக்காங்க, அதுக்காகத்தான் அவருக்கு சம்பளமும்.

கேரளா தானூர்ல 2023 மே 7 அன்னிக்கு படகு கவிழ்ந்து 22 பேர் செத்தாங்க, அதுல குழந்தைங்க நிறைய, நினைச்சாலே மனசு பதறுது. மீன்பிடி படகை மாத்தி டூரிஸ்ட் படகாக்கி, அளவுக்கு மீறி ஆளை ஏத்தியிருந்தாங்க. ஓனரோட நிக்காம, அப்புறம் துறைமுகத்துறை அதிகாரிங்களையும் போலீஸ் கைது பண்ணுச்சு. அதுதான் சரி.

கொள்ளிடத்துல வெள்ளம் வருதுன்னு தெரிஞ்சும் பலவீனமான கரையில மணல் மூட்டை அடுக்காம விட்டுட்டு, உடைச்சது தண்ணிதானேன்னு சொன்னா ஊர் ஒத்துக்குமா? அந்த மாதிரிதான் இதுவும்.

இன்னொண்ணு, அரசாங்கம் நிவாரணம் குடுத்துட்டா கேஸ் முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, நிவாரணப் பணம் வேற, கிரிமினல் கேஸ் வேற, துறை நடவடிக்கை வேற, பணத்த வாங்கிட்டாலும் மத்த ரெண்டும் நடக்கலாம்.